குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஒரு மொய் எழுதலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல வருடமாக உங்கள் நாளிதழை என் கடைக்கு வாங்கிப் போடுகிறேன். வருகிறவர்களும் படிப்பார்கள், நானும் ஒரு வரி விடாமல் படிப்பேன். அதில் அடிக்கடி ஒரு குழந்தையின் புகைப்படம் வரும். தலையில் முடி இருக்காது, கையில் ஊசி ஒட்டியிருக்கும், கீழே 'புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறுமி, உதவ நினைப்பவர்கள்' என்று ஒரு வங்கிக் கணக்கு எண். அதைப் போடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. அப்படிப் போட்டதால்தான் எத்தனையோ பேருக்கு மருந்துக்குப் பணம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து எங்கிருந்து வந்தது, சில குழந்தைகளுக்கு அது ஏன் வேலை செய்யாமல் போகிறது, அடுத்த வருடம் இதே நோயோடு வரப்போகிற குழந்தைக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடைக்குமா என்பதை மட்டும் யாரும் பேசுவதே இல்லை. செப்டம்பர் மாதத்தைக் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள், தங்க நிற ரிப்பன் குத்திக்கொள்கிறார்கள். அந்தச் சாக்கில் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏ.எல்.எல். என்று டாக்டர்கள் சொல்வார்கள், குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான். சென்னையில் வைத்துப் பார்த்தோம், இரண்டரை வருடத்துக்கும் மேல் சிகிச்சை நடந்தது. இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கு இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற யாராவது ஒரு தாயோ தகப்பனோ வார்டுக்கு வெளியே உட்கார்ந்து, 'ரத்த அணு கவுண்ட் ஏறியதா, இன்றைக்காவது பிளேட்லெட் கிடைக்குமா' என்று நர்ஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு முதலில் போய்ச் சேர வேண்டிய சேதி அது.

மகளின் ஃபைல் இன்னும் பீரோவில் இருக்கிறது. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், 6-எம்.பி., பிரெட்னிசோலோன், எல்-அஸ்பாரஜினேஸ் என்று மருந்துப் பெயர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். சிகிச்சை நடந்தபோது இந்தப் பெயர்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் அதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து ஏற்றுமதிக்காரர்களுக்கு விற்கிறார்கள், என் மாமியார் வீட்டுக் காட்டிலேயே ஒரு காலத்தில் போட்டிருந்தார்கள். 1950களில் அந்தச் செடி சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று பார்க்கப்போன கனடாக்காரர்கள், அது ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கவனித்தார்கள். அந்த வழியில் ஆராய்ச்சி நடந்து, 1963இல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கசாயம் வைத்துவிடாதீர்கள். அது விஷம். ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.)

மெத்தோட்ரெக்ஸேட்டின் கதைக்கும் நம் சென்னையோடு தொடர்பு உண்டு. எல்லாப்ரகடா சுப்பாராவ் என்று ஒருவர், பீமாவரத்தில் பிறந்த தெலுங்குக்காரர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தி வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறந்தவர்கள் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். பிற்பாடு அமெரிக்காவில் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் அவருடைய குழு, அந்த நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே சமயத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமில வகை மருந்து கொடுத்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் வேகம் எடுப்பதைக் கவனித்தார். அப்படியானால் அதைத் தடுக்கிற ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார். சுப்பாராவின் குழு அமினோப்டெரின் என்ற அப்படிப்பட்ட மருந்தைச் செய்து அனுப்பியது. 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார், கடுமையான நிலையில் இருந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினுக்குத் தம்பி முறை மருந்துதான் என் மகள் வாரம் ஒரு நாள் விழுங்கிய அந்த மஞ்சள் மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட்.

கொஞ்ச காலம்தான் அடங்கியது என்பதைக் கவனியுங்கள். அந்தக் குழந்தைகளுக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. அதற்கு முன் யாருக்கும் கொடுத்துப் பார்த்திராத மருந்து, மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு, 'சாகப்போகிற குழந்தைகளை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்' என்று சக மருத்துவர்களே கேட்ட காலம். அதற்கு நடுவில் 'சரி, கொடுத்துப் பாருங்கள்' என்று சொன்ன அந்தப் பெற்றோர்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் யார், எந்த ஊர், என்ன வேலை பார்த்தார்கள், எனக்குத் தெரியாது. அவர்கள் பிள்ளை பிழைக்கவில்லை, என் பிள்ளை பிழைத்திருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் செய்முறை செய்வோம், மொய் எழுதுவோம். நமக்கு எழுதியவருக்குத் திருப்பி எழுதாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. அந்தப் பாஸ்டன் பெற்றோர்கள் எனக்கு எழுதிய மொய்யை அவர்களுக்கே திருப்பிச் செய்ய முடியாது. இனிமேல் வார்டுக்குள் வரப்போகிற குழந்தைகளுக்குத்தான் செய்ய முடியும்.

மற்ற நாட்டுக் குடும்பங்கள் இதை வெகு காலமாகச் செய்கிறார்கள். அதே 1948இல் ஃபார்பரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை, ஜிம்மி என்று பெயர் மாற்றி வானொலியில் பேச வைத்தார்கள். பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஒரு டி.வி. வேண்டும் என்று கேட்டான், 2 லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. அந்த ஜிம்மி நிதி இன்றைக்கும் நடக்கிறது. அந்தப் பையனும் பிழைத்து, லாரி ஓட்டி, பேரப்பிள்ளை பார்த்துத்தான் போனார். 2000இல் அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்ற நான்கு வயதுச் சிறுமி, நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியோடு போராடிக்கொண்டே வீட்டு வாசலில் எலுமிச்சைச் சாறு விற்று, 'இது மற்ற பிள்ளைகளின் மருந்துக்கு' என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாள். 2004இல் எட்டு வயதில் அவள் இறந்தபோது பத்து லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. அப்பா அம்மா இருவரும் நிறுத்தவில்லை, அவள் பெயரில் அறக்கட்டளை தொடங்கி இன்றுவரை ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறார்கள். நியூயார்க்கில் 2000 மார்ச்சில் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த மூன்று நண்பர்கள், 17 பேருக்கு மொட்டை போட்டு இந்த ஆராய்ச்சிக்கு 17,000 டாலர் திரட்டலாம் என்று ஆரம்பித்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. மொட்டை போடுவது நமக்கு என்ன புதிதா, பழனியிலும் சமயபுரத்திலும் தினமும் எத்தனை ஆயிரம் பேர்! அமெரிக்காவில் கேப்ரியெல்லா மில்லர் என்ற பெண்ணுக்கு ஒன்பது வயதில் மூளைத்தண்டில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையும் செய்ய முடியாத, இன்றும் முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லாத கட்டி அது. அவள் 2013இல் இறந்தாள். பெற்றோர் ஓயாமல் அலைந்து, 2014இல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அரசியல் கட்சிகளின் மாநாட்டுக்குக் கொடுத்துவந்த அரசுப் பணத்தை நிறுத்தி, குழந்தை நோய் ஆராய்ச்சிக்குப் பத்தாண்டில் 12.6 கோடி டாலர் என்று ஒதுக்கினார்கள்.

ஏன் பெற்றோர்கள் இப்படி அலைய வேண்டியிருக்கிறது? பெரியவர்களின் புற்றுநோயோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு வருவது எண்ணிக்கையில் குறைவு. மருந்து கம்பெனிக்கு அதில் பெரிய வியாபாரம் இல்லை. அதனால் குழந்தைகளுக்கென்றே கண்டுபிடித்த மருந்துகள் மிகக் குறைவு, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வந்ததைத்தான் அளவு குறைத்துக் கொடுக்கிறார்கள். யாராவது நெருக்கினால்தான் நகரும், நெருக்குவதற்கு வீட்டுக்காரர்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? அப்படி நகர்ந்ததன் பலனையும் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்று பிழைப்பதே அரிது. இன்று பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கிறது. புதுசு புதுசாக மருந்து வந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. இருக்கிற மருந்துகளையே எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை நாள் கொடுப்பது என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் ஒவ்வொரு ஆய்வாக நடத்திப் பார்த்து வந்த முன்னேற்றம் அது.

நம் ஊரில் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே ஒரு வீட்டுத் துக்கத்தில் பிறந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையோடு வருடக்கணக்கில் அலைந்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கையோடு தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1980களில் அடையாறு, மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, ஏ.எல்.எல்.லுக்கு எம்.சி.பி.-841 என்ற சிகிச்சை முறையை நம் குழந்தைகளுக்குக் கொண்டு வந்தன. அதற்கு முன் நம் நாட்டில் இந்த நோய் வந்து பிழைத்த குழந்தைகள் 20 சதவீதம்கூட இல்லை. அந்த முறையில் சேர்ந்த குழந்தைகளில் நான்கு ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 41 முதல் 60 சதவீதம். அதில் சேர்ந்த பெற்றோர்களில் நம் தமிழ்நாட்டு விவசாயிகளும் கூலி வேலை பார்த்தவர்களும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலாவது ஒரு வரி வந்திருக்கிறதா?

வெளிநாட்டில்தான் கண்டுபிடித்துவிட்டார்களே, அதை அப்படியே இங்கே கொடுத்தால் போதாதா என்று என் கடைக்கு வருகிற ஒரு வாத்தியாரே கேட்டார். போதாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 6-எம்.பி. மாத்திரையை மெயின்டனன்ஸ் சமயத்தில், அதாவது அடங்கிய நோய் திரும்பாமல் இருக்க நீண்ட நாள் நடக்கிற சிகிச்சையில், தினமும் ராத்திரி கொடுப்போம். சில குழந்தைகளுக்குச் சாதாரண அளவு கொடுத்தாலே வெள்ளை அணு ஒரேயடியாக இறங்கிவிடும், காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஏன் என்று வெகு காலம் முழுதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அளவை நிர்ணயித்தது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சக் குழந்தைகளைப் பார்த்து. 2014, 2015 வாக்கில்தான் என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் இருக்கிற ஒரு மாற்றம்தான் அதற்குக் காரணங்களில் ஒன்று, அது ஐரோப்பியர்களைவிட ஆசியக்காரர்களிடம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அளவைக் குறைத்துக் கொடுத்தால் தாங்கும். ஆசியக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்ததால்தான் இது தெரிய வந்தது.

அதே போலத்தான் மற்றதும். அங்கே ஒரு குழந்தை இறந்தால் பெரும்பாலும் நோய் திரும்பி வந்து இறக்கிறது. இங்கே தொற்று வந்து இறக்கிறது, வரும்போதே எடை குறைந்து வருவதால் கீமோ தாங்காமல் இறக்கிறது, பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் இறக்கிறது. இதற்கெல்லாம் விடை அமெரிக்காவில் தேட மாட்டார்கள், அது அவர்கள் பிரச்சினை இல்லை. மும்பை டாடாவில் 2009 வாக்கில் ஐந்தில் ஒரு குழந்தை என்ற அளவில் சிகிச்சைக்குச் சேராமலோ பாதியில் விட்டோ போய்க்கொண்டிருந்தது. தங்க இடம், சாப்பாடு, மருந்துச் செலவு, கூடவே இருந்து பேசுகிற ஆள் என்று ஏற்பாடு செய்து அதை ஐந்து சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். எத்தனை பேர் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று உட்கார்ந்து கணக்கெடுத்ததால்தான் அது முடிந்தது, அதுவும் ஆராய்ச்சிதான். சமீப வருடங்களில் நாடு முழுக்கப் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஐசிக்கிள் என்ற பெயரில் ஏ.எல்.எல். ஆய்வு நடத்தியிருக்கின்றன, சென்னையும் அதில் இருந்தது. அதில் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஆரம்பத்தில் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையை ஐந்து வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் கொடுத்தால் பக்கவிளைவு குறையுமா என்பது. அந்த மாத்திரை சாப்பிட்டபோது என் மகள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ரசம் சாதம் கேட்பாள், முகம் உப்பிப்போய் எங்களுக்கே அடையாளம் தெரியாது. இரண்டு வாரம் குறைகிறது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆய்வில் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்டதும் 'எங்கள் பிள்ளையைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்' என்று பதறுகிற பெற்றோர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பயம் நியாயமானது, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எந்த மருத்துவமனையில் ஆய்வு நடந்தாலும் அதற்கு ஒரு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். உங்களுக்குப் புரிகிற மொழியில், தமிழில், எழுதிக் கொடுத்து விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய் ஆய்வுகளில் இன்றைக்கு இருக்கிற நல்ல சிகிச்சை எல்லோருக்கும் உண்டு, அதற்கு மேல் ஒரு சின்ன மாற்றத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எங்களிடம் கையெழுத்து வாங்கியபோது இதை ஒரு நர்ஸ் பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருக்காவிட்டால் நாங்களும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம். அப்படிச் சொல்லும் ஆள் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும், அந்தச் சம்பளத்துக்கும் யாராவது பணம் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதல் தடை நம் வாயடைப்புதான். எங்கள் சொந்தக்காரர்களிலேயே 'வெளியே சொல்லாதீர்கள், பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது' என்றார்கள். 'நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ' என்று ஒருவர் கேட்டே விட்டார். நாட்டின் பெரிய மருத்துவமனைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், சிகிச்சைக்கு வருகிற குழந்தைகளில் பெண் குழந்தைகள் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறார்கள். பெண் குழந்தைகளுக்கு நோய் வரவில்லை என்று அர்த்தமா, கூட்டிக்கொண்டு வரவில்லை என்றுதானே அர்த்தம்? இது தொற்று நோய் இல்லை. நீங்கள் கொடுத்த சாப்பாட்டாலோ செய்த காரியத்தாலோ வருவதும் இல்லை. பத்தில் ஒரு குழந்தைக்கு வேண்டுமானால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு வளர்கிற செல்களில் தானாக ஏற்படும் ஒரு பிழைதான்.

அறிகுறிகளை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் விட்டு விட்டு வருகிற காய்ச்சல், முகம் வெளிறிப் போவது, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன தழும்பு, பல்லிலோ மூக்கிலோ ரத்தம், கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பது, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், நடை தள்ளாடுவது. கண் பாப்பாவில் வெள்ளையாக ஒரு ஒளி தெரிந்தால், அதிலும் ஃபிளாஷ் போட்டு எடுத்த செல்போன் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் உயிரையும் பெரும்பாலும் காப்பாற்றலாம், கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இதில் எது வந்தாலும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்று நீங்களே கேட்க வேண்டும். எங்கள் மகளுக்கு முதலில் பார்த்த இடத்தில் மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நாங்களாகக் கேட்டபிறகுதான் சி.பி.சி. என்ற ரத்த அணுப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, கார்டு எடுக்காதவர்கள் எடுத்து வையுங்கள்.

சரி, குடும்பங்கள் நாம் என்ன செய்யலாம்? சிகிச்சை முடிந்தவர்கள் வருடம் ஒரு முறை செக்கப்புக்குப் போவதை விடாதீர்கள். சில கீமோ மருந்துகள் பிற்காலத்தில் இதயத்தையும் வளர்த்தியையும் பாதிக்கலாம், எவ்வளவு என்பது நாம் திரும்பிப் போனால்தான் தெரியும். நாம் வராமல் போனால் பதிவேட்டில் என் மகள் பிழைத்தாளா இல்லையா என்பதுகூட இருக்காது. ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லைத் தானம் கொடுக்க முன்வருகிறவர்களின் பதிவேட்டில் பெயர் கொடுங்கள், சென்னையில் 2009இலிருந்து தாத்ரி என்ற அமைப்பு இதை நடத்துகிறது, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து எடுப்பார்கள், அவ்வளவுதான். கூடப்பிறந்தவர்களோடு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் என்பதால் வெளியாட்கள் தேவைப்படுகிறார்கள். அப்புறம் பணம். பிறந்தநாளுக்கு அன்னதானம் போடுகிறோம், நல்ல காரியம். அதில் ஒரு வருடம் மட்டும் ஆராய்ச்சிக்கு என்று மாற்றிப் பாருங்கள். அடையாறு போல நன்கொடையில் நடக்கிற மருத்துவமனைகளில் கொடுக்கும்போது, இது குழந்தைகள் பிரிவின் ஆராய்ச்சிக்கு என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து வைத்து ஒரே நாளில் லட்சக்கணக்கில் திரட்டுகிறார்களே, ஊருக்கு ஒன்று வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரு மொய் விருந்து வருடத்துக்கு ஒரு முறை இந்தக் குழந்தைகளுக்காக நடக்கட்டும். எங்கள் வீட்டில் சின்னவனுக்கு வரும் தை மாதம் காதுகுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகையிலேயே அச்சடித்துவிடப் போகிறோம், எழுதுகிற மொய் முழுக்க அதற்குத்தான் என்று. என் வீட்டுக்காரி சொன்ன யோசனை அது. வரவு நோட்டை எல்லோரும் பார்க்கும்படி கடையில் வைப்பேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. உதவி கேட்டு வருகிற குழந்தைச் செய்திகளைப் போடும்போது பக்கத்திலேயே அந்த நோயின் அறிகுறியையும் நான்கு வரி போடுங்கள். இங்கே நடக்கிற ஆய்வுகள் பற்றி, அதில் சேர்ந்த பெற்றோர்களைப் பற்றி, பிழைத்து வளர்ந்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி உங்கள் நிருபர்களை எழுத வையுங்கள், பிப்ரவரி 15 சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் தினத்துக்கு மட்டும் என்று வைக்காமல் இடையிலும் எழுதட்டும். கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. இடம் இல்லையென்றால் என் சொந்தக் கதையைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், அறிகுறிகள் இருக்கிற பத்தியை மட்டும் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் போட்டுவிடுங்கள்.